ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே உயர்த்தல்

ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே உயர்த்தல் என்பது, அமெரிக்காவில் 1984 முதல் 2001 வரையிலான மாதிரிகளாக விற்கப்பட்ட இவ்வூர்தியின் உடற்பகுதியைக் கரடுமுரடான பாதைகளுக்கு ஏற்பச் சக்கர அச்சுகளிலிருந்து மேலே உயர்த்தும் மாற்றம் ஆகும். இதற்கென விற்கப்படும் முழுத் தொகுப்புகள் விலை மிகுந்தவை. ஆதலால் வேறு பழைய வண்டிகளில் கழற்றிய விற்களைப் பலர் பயன்படுத்துகின்றனர்.

மாற்று உறுப்புகள்

இவ்வூர்தியின் முன்னச்சில் சுருள்விற்களும், பின்னச்சில் எஃகுப் பட்டைகளை அடுக்கிய பட்டைவிற்களும் உள்ளன. முன்புறத்தில், எட்டு உருளைப் பொறி கொண்ட 1993–1998 கிராண்ட் செரோக்கியின் சுருள்விற்கள் பொருந்தும். எடை மிகுந்த பொறியைத் தாங்குவதற்கு அமைந்தவை என்பதால், செரோக்கியின் கீழ் அவை குறைவாகவே அமுங்கும். பின்புறத்தில், செவ்ரோலெட் எஸ்-10 பிக்கப் வண்டியின் பட்டைகள் இதே 2.5 அங்குல அகலம் உடையவை. அதன் முதன்மைப் பட்டையின் முனை வளையங்களை வெட்டி நீக்கி, செரோக்கியின் முதன்மைப் பட்டைக்குக் கீழே அடுக்குவர்.

விளைவுகள்

உயரம் கூடும்போது பிரேக் நெகிழ்குழாய்கள் இழுபடும். முன்னச்சு பக்கவாட்டில் விலகும். பின்னச்சைச் சுழற்றும் தண்டின் கோணம் கூடி அதிர்வு தோன்றும். ஈர்ப்பு மையம் உயர்வதால் திருப்பங்களில் கவிழும் வாய்ப்பும் மிகும். எனவே நீளமான பிரேக் குழாய்களும் அதிர்வேற்பிகளும் பொருத்தி, சக்கர ஒழுங்கையும் சரிசெய்தல் வேண்டும். இவற்றைத் தவிர்த்து விற்களை மட்டும் மாற்றுவது பாதுகாப்பற்றது.