12 என்றால் பி ஃபிளாட்

இசைத்தாளில் ஸ்டாஃப் கோடுகளுக்கு மேலே சின்னதாக நிற்கும் எழுத்துகள்தான் கார்ட் குறியீடுகள். கிடார், பியானோ வாசிப்பவர்கள் எந்தச் சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டும் என்பதை அவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் ஒரே கார்டை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். சி மேஜர் செவன்த்துக்குப் பெரிய ‘எம்’ போடுபவர் உண்டு, ‘மேஜ்’ என்று சுருக்குபவர் உண்டு, முக்கோணம் வரையும் ஜாஸ் கலைஞரும் உண்டு. மைனருக்குச் சின்ன ‘எம்’. சிலருக்கு வெறும் கோடு.

இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. மங்கலான மேடை வெளிச்சத்தில் பெரிய ‘எம்’மும் சின்ன ‘எம்’மும் குழம்பினால், சி-ஈ-ஜி-பி ஒலிக்க வேண்டிய இடத்தில் ஈ, பி இரண்டும் ஃபிளாட் ஆகிவிடும். நான்கில் இரண்டு சுரம் தவறு!

இசைத்தாள் எழுத உதவும் இலவச மென்பொருளான மியூஸ்கோரில் கன்ட்ரோலும் கே-யும் அழுத்திக் கார்டைத் தட்டச்சு செய்யலாம். செவன்த்துக்கு முன் ‘டி’ (t) என்ற எழுத்தை அடித்தால் முக்கோணம் வரும்; பூஜ்யம் அடித்தால் ஹாஃப்-டிமினிஷ்டுக்கான கோடு வெட்டிய வட்டம். ஸ்டைல் பகுதியில் ‘ஜாஸ்’ தோற்றத்தைத் தேர்ந்தால் எல்லாமே கையெழுத்து போன்ற எழுத்துருவுக்கு மாறி, எண்கள் மேலேறிக்கொள்ளும்.

சுரப் பெயர்களையும் மாற்றலாம். ஜெர்மானிய மரபில் பி ஃபிளாட்டின் பெயர் ‘பி’. சாதாரண பி-க்குப் பெயர் ‘ஹெச்’. முழு ஜெர்மன் முறையைத் தேர்ந்ததும் தாள் முழுவதும் அப்படியே மாறிவிடுகிறது. எப்படி? கோப்பின் உள்ளே கார்டின் அடிச்சுரம் எழுத்தாக இல்லை, எண்ணாக இருக்கிறது. சி 14, ஜி 15, டி 16. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவும் அதே இடைவெளியில் ஒவ்வொரு எண்ணும் நகர்கிறது. பி ஃபிளாட் 12, பி 19. பெயர் எதுவானாலும் எண் அசையாது. எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் அடிச்சுரத்துக்குப் பின்னால் வரும் பகுதிக்கு இந்த வசதி இல்லை. ஓரிடத்தில் ‘மேஜ்’, இன்னோரிடத்தில் முக்கோணம் என்று அடித்தால் மென்பொருள் ஒன்றாக்கித் தராது, நீங்கள் அடித்தபடியே நிற்கும். அதனால் வாசிக்கப்போகிறவருக்கு எது பழக்கம் என்று கேட்டு, முதல் கார்டிலேயே ஒரு முறையைப் பிடித்துக்கொள்வது நல்லது. இருக்கும் தோற்றங்கள் எதுவும் ஒத்துவராதவர்கள், குறிகளின் வடிவத்தையும் இடத்தையும் விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பைத் தாங்களே எழுதி இணைத்துக்கொள்ளலாம்.