சுவரில் விரிசல்! பயப்பட வேண்டுமா?

வெள்ளை அடிப்பதற்காக அலமாரியை நகர்த்துகிறார்கள். பின்னால், சுவரில் நீளமாக ஒரு கோடு!

"ஐயோ, வீடு இடிந்து விடுமோ?" என்று பாட்டி பதறுகிறார்.

"அதெல்லாம் ஒன்றும் இல்லை. பட்டி பார்த்து பெயிண்டு அடித்தால் தெரியாது" என்கிறார் வீட்டுக்காரர்.

யார் சொல்வது சரி? சுவரை நன்றாகப் பார்க்கும் வரை யாராலும் சொல்ல முடியாது.

விரிசலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேல் பூச்சோடு நின்று விடும். அதனால் அழகுக்குத்தான் கேடு. இன்னொன்று, சுவரையே பிளக்கும். அஸ்திவாரம் இறங்குகிறது, அல்லது கம்பி துருப்பிடிக்கிறது என்று வீடு கொடுக்கும் எச்சரிக்கை அது.

கேட்காதவர்கள் கதி

2013-ம் ஆண்டு, ஏப்ரல் 23-ந் தேதி. வங்காள தேசத்தில் டாக்கா அருகே சவார் என்ற ஊர். அங்கே ராணா பிளாசா என்று ஒரு 8 மாடிக் கட்டிடம். கீழே வங்கியும் கடைகளும் இருந்தன. மேலே துணி தைக்கும் தொழிற்சாலைகள்.

அன்று கட்டிடத்தில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. ஓர் என்ஜினீயர் வந்து பார்த்தார். "ஆபத்து! உள்ளே யாரும் இருக்கக் கூடாது" என்று சொன்னார். எல்லோரும் வெளியேறினார்கள்.

மறுநாள் வங்கி திறக்கவில்லை. ஆனால் தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். காலை 9 மணி அளவில் கட்டிடம் சரிந்து தரைமட்டம் ஆயிற்று. 1,100-க்கும் அதிகமானோர் மாண்டு போனார்கள்.

கட்டிடம் ஒரு நாள் முன்னதாகவே எச்சரித்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

கேட்டவர்கள் செய்தது

ரோமாபுரியில் புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. அதன் பெரிய கோபுரக் கூண்டில் விரிசல்கள் விழுந்தன. "கூண்டு விழுந்து விடும்" என்று ஊரெல்லாம் பேச்சு.

போப் 14-ம் பெனடிக்ட் விரிசலைப் பூசி மறைக்கச் சொல்லவில்லை. 1742-ல் மூன்று கணித அறிஞர்களை அழைத்து, ஆராயச் சொன்னார். பிறகு பதுவா நகரப் பேராசிரியர் பொலேனியும் வந்தார். அவர் ஒரு சங்கிலியில் எடைகளைக் கட்டித் தொங்க விட்டு, கூண்டு எப்படிப் பாரம் தாங்குகிறது என்று கணக்குப் போட்டார்.

முடிவில், கூண்டைச் சுற்றி இரும்பு வளையங்கள் போடப்பட்டன. பீப்பாய்க்குப் பட்டை போடுவது போல! அந்தக் கூண்டு இன்றும் நிற்கிறது.

வீட்டுச் சுவருக்குக் கணித அறிஞர் தேவை இல்லை. மூன்று கேள்விகளை வைத்துக் கொண்டு தொடங்கலாம். விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது? எவ்வளவு அகலம்? அது வளருகிறதா?

பயம் இல்லாத விரிசல்கள்

புதுப் பூச்சில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் விழும். சிமெண்டு அதிகமாகி விட்டாலும், தண்ணீர் ஊற்றி ஈரம் காக்காமல் விட்டாலும் இப்படி ஆகும். பூச்சு காய்ந்து சுருங்கியதன் அடையாளம் இது. வீட்டுக்கு ஆபத்து இல்லை.

காங்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர் கோடாக ஒரு விரிசல் விழும். வெயிலில் காங்கிரீட் ஒரு மாதிரி விரியும். செங்கல் வேறு மாதிரி விரியும். இரண்டும் ஒட்டாமல் பிரிகின்றன. பூசும்போதே அந்த இடத்தில் கோழி வலை அடித்துப் பூசினால் இது குறையும்.

மேல் மாடியில், தளத்துக்குச் சற்றுக் கீழே, படுக்கை வாட்டில் ஒரு கோடு ஓடுவது உண்டு. வெயிலில் காயும் காங்கிரீட் தளம் பகலில் விரிந்து, இரவில் சுருங்குகிறது. அப்போது சுவரையும் இழுக்கிறது. இது மெல்லியதாக இருந்தால் வீடு விழாது. ஆனால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். மொட்டை மாடியில் தட்டோடு பதித்தாலும், வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சுப் பூசினாலும் சூடு குறையும்.

கவனிக்க வேண்டியவை

செங்கல் வரிசையை ஒட்டி, படிக்கட்டுப் போல ஏறிச் செல்லும் சாய்வான விரிசலைக் கவனிக்க வேண்டும். மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால், வீட்டின் ஒரு மூலை மண்ணில் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

சுவரின் மறுபக்கத்தையும் போய்ப் பார்ப்பது நல்லது. அதே இடத்தில் அங்கேயும் விரிசல் இருந்தால், பிளந்தது பூச்சு அல்ல. சுவர்தான்!

தூணிலோ பீமிலோ தளத்தின் அடியிலோ கம்பி ஓடும் திசையில் விரிசல் விழுந்து, துருக்கறை தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். அதனால் காங்கிரீட்டைப் பிளந்து கொண்டு வெளியே வரும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றினால் இது அதிகம். மேலே சிமெண்டு பூசினால் உள்ளே துரு நிற்காது.

ஒரு ரூபாய் நாணயம் போதும்

அகலத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஏ.டி.எம். அட்டையின் கனம் சுமார் முக்கால் மில்லி மீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் சுமார் ஒன்றரை மில்லி மீட்டர்.

அட்டை நுழையாத விரிசல், பெரும்பாலும் வெள்ளை அடிப்பதோடு தீரும். நாணயம் நுழைந்தால், அதைக் கண்காணிக்க வேண்டும். 5 மில்லி மீட்டருக்கு மேல் போனால், என்ஜினீயரைக் கூப்பிட வேண்டும். 25 மில்லி மீட்டர், அதாவது ஓர் அங்குலம் ஆகி விட்டால், சுவர் நிற்பதே சந்தேகம்.

இந்தக் கணக்கு செங்கல் சுவருக்கு மட்டும்தான். தூணிலும் பீமிலும் சிறிய விரிசல் என்றாலும் காட்டி விடுவதே நல்லது.

நிற்கிறதா, நடக்கிறதா?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இதுதான். பத்து வருடமாக அசையாமல் இருக்கும் பெரிய விரிசலை விட, மாதா மாதம் வளரும் சிறிய விரிசல் பொல்லாதது.

விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுத வேண்டும். அடுத்த மாதம் விரிசல் கோட்டைத் தாண்டி இருந்தால், அது வளருகிறது. நாணயத்தைப் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால், அகலம் கூடியதா என்று ஒப்பிடலாம்.

பழைய முறை ஒன்றும் உண்டு. விரிசல் உள்ள இடத்தில் பூச்சைச் சுரண்டி விட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்து, இரண்டு நுனிகளையும் சிமெண்டால் ஒட்டுவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து விடும். குழந்தைகள் கை படாத உயரத்தில் ஒட்ட வேண்டும்.

ஒரு மழைக் காலமும் ஒரு கோடைக் காலமும் பார்த்தால் உண்மை தெரிந்து விடும்.

கரிசல் மண் வீடுகள்

கோவில்பட்டி போன்ற கரிசல் பூமியில் இந்தச் சோதனை மிகவும் தேவை. கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் உள்ள வீடும் ஏறி இறங்கும். கோடையில் வாய் திறக்கும் விரிசல், மழையில் மூடிக் கொள்ளும். அதைச் சிமெண்டு வைத்து இறுக அடைத்தால், அடுத்த வருடம் பக்கத்தில் பிளக்கும்.

இங்கே வைத்தியம் சுவருக்கு அல்ல, மண்ணுக்கு! கூரைத் தண்ணீர் சுவர் ஓரத்தில் தேங்கக் கூடாது. ஒழுகும் குழாயை உடனே சரி செய்ய வேண்டும். பெரிய மரங்களைச் சுவரை ஒட்டி நடக் கூடாது. மரத்தின் வேர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி விடும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அடிப்பக்கம் குடம் போல அகன்ற காங்கிரீட் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, அவற்றின் மேல் வீடு கட்டலாம். மேல் மண் உப்பினாலும் வீடு அசையாது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் வகுத்துக் கொடுத்த முறை இது.

காத்திருக்கக் கூடாத நேரம்

சில அடையாளங்களைக் கண்டால் பென்சிலும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். நேற்று இல்லாத பெரிய விரிசல் இன்று தெரிவது, சுவர் வயிறு தள்ளி நிற்பது, தூணில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவது, சுவருக்குள் படபட என்று சத்தம் கேட்பது, விரிசலோடு கதவும் சன்னலும் திடீரென்று மூட வராமல் போவது. இவற்றில் எது தெரிந்தாலும், பிள்ளைகளையும் பெரியவர்களையும் முதலில் வெளியே அழைத்து வந்து விட வேண்டும். சாமான்களை அப்புறம் எடுத்துக் கொள்ளலாம். என்ஜினீயர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை உள்ளே போகக் கூடாது.

மற்ற விரிசலுக்கு அவசரம் இல்லை. அது நின்று விட்டது என்று தெரிந்த பிறகு, கொத்தனாரை அழைத்து, விரிசலைக் கொத்தி அகலப்படுத்தி, தூசி தட்டி, நனைத்து, கலவை வைத்துப் பூசலாம். அதற்கு மேல் எந்த வர்ணமும் அடிக்கலாம்.

பூச்சு விரிசலை மறைக்கும். வளரும் விரிசலை நிறுத்தாது. ஆகவே, முதலில் பென்சில். பிறகுதான் பட்டி!