பெட்டியும் சுங்கமும்

பெட்டி என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுக என்றால் கீழ்வகுப்பு மாணாக்கனும் தயங்கான். கொட்டைப்பெட்டி முதற் பெட்டகம் ஈறாக நம் வீடுகளில் உள்ளவை அத்தனையும் அச்சொல்லில் அடங்கும். ஆயின், அதே பெட்டி கடல்கடந்து பிறநாட்டுத் துறையில் இறங்குமாயின், அஃது என்ன பொருள் என்னும் வினாவுக்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று. விழாவுக்கு வந்து திரும்பும் பழைய மாணவர் பலர் அழகிய மரப்பேழைகளை உடன்கொண்டு செல்வர் ஆதலின், யான் பட்டறிந்ததை ஈண்டு எழுதலானேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பிறநாட்டிற் குடியேறிய என் மாணவர் ஒருவர், தம் அன்னையார் மறைந்தபின் அவருடைய நகைப்பெட்டியைத் தமக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டினார். பாட்டியார் வழி வந்த முதுசம் அது. 19ஆம் நூற்றாண்டிற் காலித் துறைமுகத்திற் கப்பற் பயணிகளுக்கு விற்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. கருங்காலிச் சட்டம், சட்டங்களினிடையே நெருங்க அடுக்கிய முள்ளம்பன்றி முட்கள், சட்டமெங்கும் தந்தப் புள்ளிகள், மூடியின் உட்புறத்திற் பலநிற மரத்துண்டுகள் இழைத்த கோலம். பொதியின்மேல் ஒட்டும் பத்திரத்தை நிரப்பியவன் யானே. "பழைய மரப்பெட்டி" என்ற அளவில் ஆங்கிலத்தில் எழுதி அமைந்தேன். பெட்டி அந்நாட்டுச் சுங்கத்தில் தடுக்கப்பட்டது. மாணவர் கைக்குப் போய்ச் சேரவுமில்லை, என்னிடம் திரும்பவுமில்லை.

நிற்க. உலக நாடுகளிற் பெரும்பாலானவை இன்று சரக்குகளை ஒரே அட்டவணைப்படி வகுக்கின்றன. பிரசெல்ஸ் நகரிலுள்ள உலகச் சுங்க அமைப்புப் பேணிவரும் இவ்வட்டவணை 1988 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் உட்தலைப்பையும் குறிக்கும். ஆறு வரையும் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேற்பட்டவை அவ்வந்நாட்டார் சேர்த்துக்கொள்வன. இலங்கையில் எட்டு இலக்கம் வழங்குகின்றது. எவ்வளவு தீர்வை அறவிடுவது என்பதும் அவ்வந்நாட்டின் உரிமையே.

மரப்பொருள்களுக்குரியது 44ஆம் அத்தியாயம். அதன்கண் 44.20 என்னும் தலைப்பே நம் பெட்டி நிற்கும் இடம். இழைப்பு வேலை செய்த மரம், நகையும் உணவுக் கத்தி கரண்டிகளும் வைக்கும் மரப்பேழைகள், மரச் சிற்பங்கள், மரத்தாலாய அணிப்பொருள்கள் ஆகியன இதில் அடங்கும். இனித்தான் வேடிக்கை. அதே நகைப்பேழையைத் தோலாலோ துணியாலோ முழுதும் அல்லது பெரும்பாலும் போர்த்துவிட்டால், அது 42.02க்குப் போய்விடும், உள்ளே இருப்பது மரம் என்னும் வாதம் அங்கே செல்லாது. சாமான் அடைத்தனுப்பும் வெறும் பலகைப்பெட்டி 44.15. நிலத்தில் வைத்தற்கென அமைந்த பெட்டகம் தளபாடமாகி 94.03இற் சேரும். மூடியைத் திறந்தவுடன் இசை எழுப்பும் இசைப்பெட்டி 92.08. நூறாண்டு கடந்த பழம்பொருளாயின் 97.06. இடம்நோக்கிப் பெயரும் வினையுமாகும் சொற்களை வகுப்பிற் கற்பிக்கும் எமக்கு இது புதுமையன்று. எனினும் பெட்டிக்கும் இவ்விலக்கணம் உண்டென்பதை யான் அறிந்திலேன்.

மரத்திற் சிப்பியோ பித்தளையோ பதித்திருந்தால் எதனைக் கொள்வது? பலபொருட் கலப்பாயவற்றுள், பொருளுக்கு அதன் உண்மையான இயல்பைத் தருவது எதுவோ அதனையே கொள்க என்பது பொதுவிதி. ஆகவே மைசூர் ஈட்டிமரப் பெட்டியில் வெள்ளைப் பிளாத்திக்குப் பதித்திருப்பினும், அது பிளாத்திக்குப் பெட்டி ஆகாது.

இதுகாறும் கூறியதிற் பிழைத்தால் பணமே கூடும் அல்லது குறையும். எம் பெட்டியைத் தடுத்தது தீர்வையன்று, தந்தப் புள்ளிகளே. அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய உடன்படிக்கை 1973இல் வாசிங்டனிற் கையொப்பமாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979இல் அதிற் சேர்ந்தது. ஆசிய யானை அதன் முதலாம் பட்டியலில் உள்ளது. புள்ளி கடுகளவாயினும் தந்தம் தந்தமே. பெட்டி நூறாண்டு கடந்தது என்பது சுங்கத் தலைப்பை மாற்றுமேயன்றி இத்தடையை நீக்காது. உடன்படிக்கைக்கு முற்பட்ட பொருள் என்பதற்கு, அனுப்பும் நாட்டின் அதிகாரிகள் வழங்கிய சான்றிதழ் பொதியுடன் செல்லவேண்டும். இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரையும், பழம்பொருளாயின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் பற்றித் தொல்பொருட் திணைக்களத்தாரையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். யான் ஒருவரையும் கேட்டிலேன்.

மரமும் தப்பாது. ஈட்டிமரம் உள்ளிட்ட தல்பேர்சியா இனம் முழுவதும் 2017இல் உடன்படிக்கைப் பட்டியலுக்குள் வந்தது. பெரும்பாலானவை இரண்டாம் பட்டியலில் உள்ளன. பிரேசில் நாட்டு ஈட்டி அதற்கு முன்பே முதலாம் பட்டியலைச் சேர்ந்தது. இரண்டாம் பட்டியல் ஈட்டியாற் செய்து முடித்த பொருள்களுக்கு, ஒரு பொதியில் அம்மரத்தின் எடை 10 கிலோவுக்கு மேற்படாதாயின் விலக்கு உண்டு என 2019இல் திருத்தினர். ஆகவே கடையில் வாங்கிய சிறு நகைப்பேழைக்கு இவ்வகையில் இடரில்லை. பெட்டியைச் சுற்றி அடிக்கும் பலகைக்கூட்டுக்கு வேறொரு விதி: 6 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்புள்ள பலகையாயின், பூச்சி நீக்கிய முத்திரை வேண்டும். சூடாக்கி நீக்குவதாயின் மரத்தின் நடுப்பகுதியும் 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் இருத்தல் வேண்டும்.

பிரித்தானியாவில் வாழ்வோர் கருதவேண்டியது இன்னொன்றுண்டு. அங்கே 2018இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 சூன் முதல் நடைமுறையில் உள்ளது. தந்தப் பொருளை விற்றலும் வாங்கலும் குற்றம். 1947 மார்ச்சு 3க்கு முன் செய்யப்பட்டு, கன அளவிற் பத்திலொரு பங்கிலும் குறைவாகத் தந்தம் அமைந்த பொருளைப் பதிவுசெய்து விற்கலாம். இழைப்புப் பெட்டிகள் பல இவ்விலக்கிற் சேரக்கூடும். வீட்டில் வைத்திருத்தலையும் மக்களுக்கு வழங்குதலையும் அச்சட்டம் தடுக்கவில்லை.

இப்பொழுது எவரேனும் பத்திரம் நிரப்பித் தருமாறு கேட்டால், பெட்டியைத் திறந்து, கவிழ்த்துப் பார்த்தபின்பே எழுதுகின்றேன். இன்ன மரம், இன்ன பதிப்பு, நீள அகல உயரம், எடை, செய்த காலம், பயன், விலை. தந்தமோ ஆமையோடோ காணப்பட்டால் அனுப்புதலையே நிறுத்தி, இரு நாட்டுத் திணைக்களங்களுக்கும் எழுதிக் கேட்கச் சொல்கின்றேன். தலைப்புப் பற்றி ஐயம் இருப்பின், பொருள் புறப்படுமுன்னரே எழுத்தில் முடிவு தரும் சுங்கத்தாரும் பல நாடுகளில் உளர்.

என் மாணவர் என்னை ஒரு சொல்லும் நோகவில்லை. அப்பெட்டியின் புகைப்படம் ஒன்றேனும் உண்டோ என்று மட்டும் பின்னர் எழுதிக் கேட்டார். யான் எடுத்திலேன்.