புற்றுக்காளானா.. விஷக்காளானா? மழை விட்டதும் பறிக்கப் போறவங்க கவனத்துக்கு!

இடி இடிச்சா காளான் முளைக்கும் என்பார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தால் போதும், புற்றோரத்திலும் புல்தரையிலும் வெள்ளைக் குடைகள் எட்டிப் பார்க்கும். எதைப் பறிக்கலாம்?

புற்றுக்காளான் என்பது கறையான் செய்யும் விவசாயம். காய்ந்த இலை, மரத்துண்டைத் தின்று அது போடும் எச்சத்தில், புற்றுக்குள்ளேயே இந்தப் பூஞ்சை வளர்கிறது. கறையானுக்கு அதுதான் சாப்பாடு. மழைக்கு மண்ணைத் துளைத்து வர வேண்டியிருப்பதால் குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். தண்டு வேர் மாதிரி புற்று வரை இறங்கும். மேலோடு கிள்ளினால் இந்த அடையாளமே போச்சு, தோண்டித்தான் பார்க்கணும்.

குழப்புவது புல்தரையில் வரும் 'குளோரோபில்லம் மாலிப்டைட்ஸ்'. குடையில் பழுப்புச் செதில், தண்டில் வளையம். இளசில் அடிமடல் வெள்ளைதான், முற்றினால்தான் பச்சை. குடையை வெள்ளைத்தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தால் இதிலிருந்து பச்சைத் தூள் படியும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு. ஆனால் வேறு சில விஷக்காளான்களுக்கும் அதே இளஞ்சிவப்புதான், அதை மட்டும் நம்ப முடியாது.

வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூச்சி அரித்தால் நல்லது என்பதெல்லாம் கட்டுக்கதை. கொதிக்க வைத்தாலும் அமானிட்டா வகைக் கொடிய காளான்களின் நஞ்சு போகாது. 6 மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி வரும், இடையில் தேறியதுபோல் தெரியும், உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள்.

சாப்பிட்டபின் வாந்தி வந்தால் 108-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் காளானையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்க.