இயந்திரக் கைக்கும் பொறுக்கு விதை வேண்டும்

செஞ்சி வட்டார விவசாயிகள் மணிலாவை உடைத்தவுடன் அப்படியே விதைப்பதில்லை. சுருங்கிய பருப்பு, உடைந்த பருப்பு, தோல் உரிந்த பருப்பு ஆகியவற்றைக் கையால் பொறுக்கி நீக்குகின்றனர். இயந்திரத்துக்குக் கைவேலை கற்பிக்கும்போதும் இத்தகைய பொறுக்கு வேலை அவசியமாகிறது.

கற்பிக்கும் முறை

மனிதர் வேலை செய்வதைப் பலமுறை படம் பிடித்தோ, இயந்திரக் கையை மனிதரே இயக்கிக் காட்டியோ கணினிக்குக் கற்பிக்கின்றனர். கரூரில் ஆப்ஜெக்ட்வேஸ் நிறுவனத் தொழிலாளர்கள் இதற்காக நெற்றியில் காமிரா அணிந்து கைத்துண்டு மடிப்பது பற்றி 2025-இல் செய்தி வெளியாயிற்று. தவறாக மடித்த படங்கள் அங்கே கழிக்கப்படுகின்றன.

கலப்பினால் வரும் கேடு

காட்டியது நல்லதா கெட்டதா என்று கணினி தானாக அறியாது. கை தேர்ந்த இருவரில் ஒருவர் வலப்புறமும் மற்றவர் இடப்புறமும் துண்டைப் பிடித்தால், எளிய முறையில் கற்ற இயந்திரம் நடுவில் கையை நீட்டி எதையும் பிடிக்காமல் போகக்கூடும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் 2021-இல் இதைச் சோதித்தனர். தேர்ந்த ஒருவர் 200 முறை செய்து காட்டினார். திறமையில் ஏற்றத்தாழ்வு உள்ள 6 பேர், ஆளுக்கு 50 வீதம் 300 முறை செய்து காட்டினர். துளையுள்ள துண்டை முளையில் மாட்டுவது போன்ற நுட்பமான வேலையில், எளிய முறைக்கு 300-ஐவிட 200-ஏ நல்ல பலன் தந்தது. முந்தைய சில அசைவுகளையும் நினைவில் வைத்துக் கற்கும் முறையில் இவ்வேறுபாடு குறைந்தது.

எதைக் கழிக்கக் கூடாது?

கை தவறிய பொருளை மீண்டும் எடுத்துச் சரிசெய்த பகுதியைக் கழிக்கக் கூடாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990-ஐ ஒட்டித் தானே ஓடும் வண்டியைப் பழக்கியபோது, நல்ல ஓட்டுநர் நடுச்சாலையை விட்டு விலகவே இல்லை. எனவே விலகினால் திரும்பும் வழியை வண்டி கற்க இயலவில்லை. விலகியது போன்ற படங்களைக் கணினியில் உண்டாக்கியே அதைக் கற்பித்தனர்.

கவனிக்க வேண்டியவை

1. வயல்வேலையைப் படம் பிடிக்க எவரேனும் வந்தால், கை தேர்ந்தவர்களே செய்து காட்ட வேண்டும். எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவது நல்லது.

2. தேர்ந்த கையின் 200, கலந்த 300-ஐ வெல்லும் என்பதால் அக்கைக்கு மதிப்பு அதிகம். நாற்றுப் பறிப்பு, களையெடுப்பு, காய் ஆய்தல் ஆகியவற்றில் பழகிய பெண்கள், சாதாரண நாட்கூலிக்கு இசையாமல் திறமைக்குத் தக்க கூலியை முன்னதாகவே பேசி முடிக்க வேண்டும்.

3. இப்படிக் கற்ற இயந்திரத்தை வாங்க நேர்ந்தால், எந்தப் பயிரில், எத்தகைய மண்ணில் பழக்கப்பட்டது என்று கேட்டறிந்து, சொந்த வயலில் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.