தினமும் ஒரு கப் தயிர் சாப்பிட்டா மலச்சிக்கல் சரியாகிடுமா? உண்மை என்ன?

வயிறு சரியில்லைன்னா ‘தயிர் சாதம் சாப்பிடு, சரியாகிடும்’ என்பதுதான் பல வீடுகளில் முதல் வைத்தியம். மலச்சிக்கலுக்கும் இதே தயிரைத்தான் சொல்வார்கள். ஆனால் செரிமானம் வேறு, மலச்சிக்கல் வேறு. தயிர் எதற்கு எந்த அளவுக்கு உதவும்? பார்க்கலாம்.

தயிருக்குள் என்ன நடக்குது?

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை, உறையில் இருக்கும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால்தான் பால் கெட்டியாகி புளிக்கிறது. கடைகளில் விற்கும் யோகர்ட்டில் லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் என்ற 2 பாக்டீரியாக்கள் முக்கியமானவை. வீட்டுத் தயிரில் எந்த பாக்டீரியா எவ்வளவு இருக்கும் என்பது உறைக்கு உறை மாறும்.

செரிமானத்துக்கு நல்லதா?

பால் குடித்தால் வயிறு உப்புசம், வயிற்றுப்போக்கு வருபவர்களுக்கு நல்லது. இவர்களின் குடலில் லாக்டோஸை உடைக்கும் நொதி குறைவு. அந்த வேலையில் தயிர் பாக்டீரியாக்கள் கைகொடுக்கின்றன. அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்கிறது. இந்தப் பலனை ஐரோப்பிய ஒன்றியமும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

அப்போ மலச்சிக்கல்?

இங்கேதான் கவனம் தேவை. தயிரில் நார்ச்சத்து கிடையாது. மலத்தை இளக்கி வெளியே தள்ள உதவுவது நார்ச்சத்தும் தண்ணீரும்தான். சில வகை ப்ரோபயாடிக் பாக்டீரியாக்கள் சிலருக்கு மலம் கழிப்பதைக் கொஞ்சம் எளிதாக்கலாம். ஆனால் அந்தப் பலன் எல்லா தயிருக்கும் பொருந்தாது.

அமெரிக்காவில் டேனன் நிறுவனம் தன் ‘ஆக்டிவியா’ யோகர்ட்டை தினமும் ஒன்று சாப்பிட்டால் மலம் சீராகக் கழியும் என்று விளம்பரம் செய்தது. அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றது அந்நாட்டின் வர்த்தக ஆணையம். 2010-ல் சமரசம் ஏற்பட்டது. இனி அப்படி விளம்பரம் செய்தால், ஒரு நாளைக்கு 3 முறை சாப்பிட வேண்டும் என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று முடிவானது. 39 மாகாணங்களுக்கு 2.1 கோடி டாலர் தரவும் டேனன் ஒப்புக்கொண்டது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மலச்சிக்கலுக்காகவே பாக்டீரியா சேர்த்து விற்ற யோகர்ட்டுக்கே இந்த நிலை என்றால், சாதாரண தயிரை மட்டும் நம்பியிருக்க முடியாது.

எப்படி சாப்பிடணும்?

* மோர்க்குழம்பு போல கொதிக்க வைத்தால் பாக்டீரியாக்கள் இறந்துவிடும். சத்து கிடைக்கும், ஆனால் உயிருள்ள பாக்டீரியா கிடைக்காது.
* தயிரோடு நார்ச்சத்து சேரட்டும். வெள்ளரிக்காய், கேரட் போட்ட பச்சடி, கொய்யாப்பழம், கீரை, பயறு, கம்பு, கேழ்வரகு எல்லாம் நல்ல தேர்வு. பெரியவர்களுக்கு தினமும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு.
* நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் போதுமான அளவு குடிக்கணும். சிறுநீரக, இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.
* ஃப்ளேவர் யோகர்ட்டில் சர்க்கரை அதிகம் இருக்கலாம். லேபிளைப் பார்த்து வாங்குங்க.
* சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தயிரோடு சேர்த்துப் போடக்கூடாது. மருந்து உடலில் சேர்வது குறையும். எவ்வளவு நேர இடைவெளி என்பதை டாக்டரிடம் கேளுங்க.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

தினமும் போகவில்லை என்றாலே மலச்சிக்கல் என்று பயப்பட வேண்டாம். வாரத்துக்கு 3 முறைக்கும் குறைவாகப் போவது, மலம் இறுகி முக்கிப் போவது ஆகியவைதான் மலச்சிக்கலின் அடையாளம். இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு குறைபாடு போன்றவையும் இதற்குக் காரணமாகலாம்.

மலத்தில் ரத்தம், கறுப்பு நிற மலம், காரணமே இல்லாமல் எடை குறைவது, வழக்கமாகப் போகும் முறை திடீரென மாறி சில வாரங்களாக நீடிப்பது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். பெருங்குடல் புற்றுநோயிலும் இவை வரும் என்பதால், ‘சூடுதான், தயிர் சாப்பிட்டா போயிடும்’ என்று நாள் கடத்தக்கூடாது. வயிறு வீங்கி, வாந்தியும் எடுத்து, வாயுவும் பிரியாவிட்டால் குடல் அடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.