நீர்க்கரை வழியே

பதினோராம் வகுப்பில் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அது பாதுகாப்பாகச் செல்லும் வழி எது? சேத்தியாத்தோப்பு வழியாகச் செல்லும் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலையில் பேருந்துகளும் சரக்குந்துகளும் விரைகின்றன. மிதிவண்டி ஓரமாக ஒதுங்கியே செல்ல வேண்டியுள்ளது.

பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள ‘கனால் து மிதி’ என்னும் கால்வாய் 1666இல் தொடங்கப்பெற்று 1681இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 240 கி.மீ. நீளமுடைய அக்கால்வாயில் சென்ற படகுகளைக் கரையில் நடந்த குதிரைகள் கயிற்றால் இழுத்தன. இயந்திரப் படகுகள் வந்தபின் குதிரைத்தடத்திற்கு அப்பணி இல்லாமற்போயிற்று. இன்று அதன் பல பகுதிகளில் மண்ணும் சரளையும் பரவிய பாதையில் மிதிவண்டிகள் செல்கின்றன. நீரை ஒட்டிய பாதையாதலால் ஏற்ற இறக்கம் குறைவு. இறுக்கிய சரளைத் தரையில் சேறு எளிதில் சேராது.

சேத்தியாத்தோப்பிலோ வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு உள்ளது. அருகே, முதலாம் பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரி நீண்டு கிடக்கிறது. ஏரிக்கும் வாய்க்கால்களுக்கும் கரைகள் உண்டு. கரையின் முதற்பணி நீரைக் காப்பதே. அதனைச் சிதைக்காமல், தகுந்த இடங்களில் சரளை பரப்பி, மோட்டார் வாகனங்களைத் தடுத்தால், புதிதாக நிலம் எடுக்காமலே மாணவர்க்கு அச்சமற்ற வழி கிடைக்கும். உங்கள் ஊரில் அத்தகைய கரை எங்குள்ளது எனக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.